பத்துப் பேர் சேர்ந்தால் ஓடும்

இலக்கியம் பேசுவோர் கூடுமிடங்களில் சில சொற்களுக்கு மரியாதை உண்டு, சிலவற்றுக்கு இல்லை. 'குற்றாலம்' என்று சொல்லிப் பாருங்கள். ரசிகமணி டி.கே.சி. வந்துவிடுவார்; அவருடைய விருந்தோம்பலைத் தேடிவந்த ராஜாஜியும் கல்கியும் வந்துவிடுவார்கள்; திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சி பின்னாலேயே வரும். 'தாமிரபரணிப் படித்துறை' என்று சொல்லுங்கள். அங்கிருப்பவர்களில் ஒருவராவது பெருமூச்செறிந்து ஒரு சிறுகதையை நினைவுகூர்வார். 'வாட்டர் பார்க்' என்று சொல்லுங்கள். மெல்லிய புன்னகை ஒன்று தோன்றி மறையும். அந்தப் புன்னகையின் பொருள் யாவரும் அறிந்ததே: இவன் வாசகன்தானா?

அந்தப் புன்னகைக்கு மறுப்பாகவே இதை எழுதுகிறோம். சென்ற கார்த்திகையில், வார நாள்கள் இரண்டில், நண்பர்கள் ஐவரும் முதல்நாள் ஒரு தீம் பார்க்குக்கும் மறுநாள் ஒரு வாட்டர் பார்க்குக்கும் போய்வந்தோம். ஆஃப் சீசன் என்பார்களே, அந்தக் காலம். நால்வர் நாற்பதைக் கடந்தவர்கள். ஐவரும் நிறைய வாசிப்பவர்கள். குழந்தைகளை அழைத்துப் போகவில்லை. இந்தக் கடைசிச் செய்திதான் பலரைப் புண்படுத்தியிருக்கிறது. குழந்தைகளின் பொருட்டுப் போனோம் என்றிருந்தால் மன்னித்திருப்பார்கள். நாங்களே விளையாடப் போனோம் என்பது பொறுக்கமுடியாததாகிவிட்டது.

எங்களை நோக்கி வைக்கப்பட்ட வாதங்களில் கற்றறிந்தோருடையதை முதலில் எடுத்துக்கொள்கிறோம். போத்ரியா சொல்லியிருக்கிறாராம்: டிஸ்னிலாந்து என்பது, அதற்கு வெளியே இருக்கும் அமெரிக்கா உண்மையானது என்று நம்பவைப்பதற்காகவே நிறுவப்பட்ட பொய். அவர் அப்படித்தான் எழுதினார், 1981இல். உம்பர்த்தோ எக்கோவும் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அமெரிக்காவின் போலிகளைப் பற்றி அழகான கட்டுரை எழுதியிருக்கிறார். ஆயின் அவர்கள் எழுதியது 1955இல் கலிபோர்னியாவின் அனகைமில் திறக்கப்பட்ட, கோட்டையும் கொடியும் குறைவில்லாத நிர்வாகமும் கொண்ட ஓர் இடத்தைப் பற்றி. வண்ணம் உரிந்த டைனோசரின் வாயில் காகம் கூடு கட்டியிருக்கும் ஒரு தமிழ்நாட்டுப் பூங்காவில், மழைச்சேற்றில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றபடி, 'இது மெய்யைவிட மெய்யாகத் தோன்றும் போலி' என்று எவராலும் சொல்லமுடியாது. அந்த டைனோசர் எவரையும் ஏமாற்றுவதில்லை. அதுவே அதன் பெருந்தன்மை. கோட்பாட்டை இறக்குமதி செய்வோர், அது எந்த மண்ணில் விளைந்தது என்ற சீட்டையும் சேர்த்து இறக்குமதி செய்தால் நலம்.

தமிழர்க்கு இவ்வகைப் பூங்கா ஒன்றும் நேற்று வந்ததில்லை. ஈஞ்சம்பாக்கத்து வி.ஜி.பி. தங்கக் கடற்கரையில் அசையாமல் நின்ற 'சிலை மனிதரை'ச் சிரிக்கவைக்க முயலாத சென்னைக் குழந்தை அரிது. 1984இல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்னும் முப்பரிமாணப் படத்தைத் தயாரித்த நவோதயா அப்பச்சன், 1990களில் தாம்பரத்தை அடுத்து ஒரு பூங்காவை அமைத்தபோது அதற்கு இட்ட பெயர் கிஷ்கிந்தா. அயோத்தி என்றோ மிதிலை என்றோ வைக்காமல் வானரர் நகரின் பெயரை வைத்தாரே, அந்த மனிதருக்கு விளையாட்டென்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது. 2025 டிசம்பரில் திருப்போரூர்ப் பக்கம் வொண்டர்லாவும் வந்துவிட்டது. நீர்ப்பூங்காவின் வரலாறே குறுகியதுதான். உலகின் முதல் நீர்ப்பூங்கா என்று பொதுவாகச் சொல்லப்படும் ஆர்லாண்டோவின் 'வெட் அண்ட் வைல்ட்' 1977இல் திறந்து 2016இன் கடைசி நாளில் மூடியது. பெயரும் பிளாஸ்டிக்கும் புதியவை. நீரில் கூட்டமாக விழுந்து கூச்சலிடுவது அப்படியன்று.

பரிபாடலைப் புரட்டினால் போதும். இன்று முழுமையாகக் கிடைக்கும் இருபத்திரண்டு பாடல்களில் எட்டு, வையைக்கு உரியவை. அவற்றில் வருவது என்ன? புதுப்புனல் வந்ததென்று கேட்டதும் ஊரே தலைதெறிக்க ஓடுகிறது. யானையில் வருவோர், குதிரையில் வருவோர், அணியை மாற்றிப் பூண்டு வருவோர், ஊடுவோர், ஊடல் தீர்வோர், ஒருவர்மேல் ஒருவர் நீரைப் பீச்சுவோர். ஒருவர் சொல்வது இன்னொருவர்க்குக் கேட்காத இரைச்சல். நீரில் கள்ளும் சந்தனமும் பூவும் கலந்துவிட்டன என்பதற்காக அந்தணர் அதில் நீராடாமல் விலகிப் போனார்கள் என்பதையும் அதே நூல் பாடுகிறது. கூட்டம் கலக்கிய நீரைக் கண்டு முகஞ்சுளிப்பதற்கும் நம்மிடம் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு மரபு இருக்கிறது போலும். புலவன் எந்தப் பக்கம் நின்றான் என்பதையும் கவனியுங்கள். விலகிப் போனவர்களோடு அவன் போகவில்லை. கரையில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். நனைந்தும் இருப்பான் என்றே நாங்கள் எண்ணுகிறோம்.

அடுத்த வாதம் சற்றுக் கனமானது. ஆற்றைக் கொன்றுவிட்டு அதன் பிணத்தின்மீது சீட்டுப் போட்டு விற்கிறார்கள் என்கிறார்கள். மதுரையில் வையை மணலாகக் கிடக்க, திண்டுக்கல் சாலையில் பரவைக்கருகே 'அதிசயம்' பூங்காவில் அலை அடிப்பதைச் சுட்டுகிறார்கள். உவமை அழகாகத்தான் இருக்கிறது, காரணகாரியம் இல்லை. நொய்யலைக் கொன்றது சறுக்கு மரமா? 1992இல் பாசனத்துக்கென்று திறந்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக் கழிவைத் தேக்கிவைக்கும் தொட்டியாக மாறியதற்கு எந்த ராட்டினம் பொறுப்பு? பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996இலேயே தீர்ப்பெழுதியது. அதில் வாட்டர் பார்க் எதுவும் எதிர்மனுதாரர் அல்ல. மணலை அள்ளியவர்கள் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்களைப் பற்றி எழுதினால் ஆள் வரும். வாட்டர் பார்க்கைப் பற்றி எழுதினால் யாரும் வரமாட்டார்கள். ஏளனம் மலிவான பக்கம் பார்த்துப் பாய்கிறது.

நீர்ப்பூங்கா நீரை வீணடிக்கிறது என்பதும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லப்படுவது. சறுக்கில் ஓடும் நீர் அன்றன்றைக்குச் சாக்கடையில் விடப்படுவதில்லை. மணல் வடிகட்டிகளில் வடித்து, குளோரின் சேர்த்து, மறுபடி மேலே ஏற்றுகிறார்கள். ஆவியாவதும், வெளியே தெறிப்பதும், வடிகட்டியைக் கழுவும்போது போவதுமே இழப்பு. அந்த இழப்பும் நிலத்தடியிலிருந்துதான் ஈடுகட்டப்படுகிறதென்றால் அதைக் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். குறிப்பாக 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வரக் கண்ட சென்னையில். கேட்பதாயின் அளவைக் கேளுங்கள், உரிமத்தைக் கேளுங்கள். அழகியலை ஏன் நடுவில் இழுக்கிறீர்கள்?

படித்துறை ஏக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடவேண்டும். எவருடைய படித்துறை அது? தமிழ்க் கிராமத்துக் குளமும் ஆற்றுத்துறையும் சாதிவாரியாகப் பிரிந்திருந்ததைச் சொல்லாமல் எழுதப்படும் நீராட்டு நினைவுகளை எங்களால் நிம்மதியாக வாசிக்க முடிவதில்லை. 1927இல் மகாட் நகரின் சவ்தார் குளத்தில் அம்பேத்கர் நீரள்ளிக் குடித்தது ஒரு போராட்டமாக வேண்டியிருந்தது. குடிப்பதற்கே அந்தப் பாடென்றால் விளையாடுவதற்கு? பூங்காவின் வாயிலில் கேட்பது பணத்தை மட்டும். பணத்தைக் கேட்பது நியாயமென்று நாங்கள் சொல்லவரவில்லை, அதற்கு வருகிறோம். ஆனால் அலைக்குளத்தில் தன்னருகே மூழ்கி எழுபவர் எந்தத் தெரு என்று எவரும் விசாரிப்பதில்லை. நம் நீராட்டு வரலாற்றில் இது சிறிய செய்தியா?

ஆபத்தை எடுத்துக்காட்டுவோரும் உண்டு. ஆற்றில் என்ன பாதுகாப்பு இருந்தது? காவிரியின் கழார்த் துறையில் புனலாடிய ஆட்டனத்தியை வெள்ளம் கொண்டுபோயிற்று. கரிகாலன் மகளே கரையெல்லாம் அழுது திரியவேண்டியதாயிற்று. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவனைப் பலிகொண்டது. நீர் எங்கும் நீர்தான். விசில் ஊத ஓர் ஆள் நிற்கிறாரா இல்லையா என்பதே வேறுபாடு.

இனி நாங்கள் கண்டவை. சென்னைப் பக்கத்துப் பூங்காக்களுக்கு ஏப்ரலும் மேயும்தான் அறுவடைக் காலம். பள்ளி திறந்ததும் கூட்டம் வடியும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் வறண்டுவிடும். மழைக்காலத்தில் நீர்ப்பூங்கா வறள்வது வேடிக்கைதான். குற்றாலத்துக்கோ ஆனி, ஆடி, ஆவணிச் சாரலே சீசன். இயற்கையின் அருவியும் சீட்டு வாங்கும் அருவியும் ஆண்டைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டது போலிருக்கிறது.

முதல்நாள் பூங்காவில் எங்கள் ஐவரோடு, ஒரு பாலிடெக்னிக் மாணவர் கூட்டமும், வேனில் வந்திருந்த மகளிர் சுயஉதவிக் குழுவினர் இருபது பேரும், இரண்டு குடும்பங்களும் இருந்தனர். அவ்வளவே. வரிசை என்பதே இல்லை. ஆனால் கொலம்பஸ் படகில் நாங்கள் ஏறி உட்கார்ந்ததும் இயக்குபவர் அசையவில்லை. "பத்துப் பேர் சேர்ந்தாத்தான் சார் ஓடும்" என்றார். மின்செலவுக் கணக்கு. ஐவர் இருக்கிறோம்; இன்னும் ஐவர் வேண்டும். எங்களில் ஒருவர் இறங்கிப் போய் ஆள் சேர்க்கத் தொடங்கினார். மகளிர் குழுவிலிருந்து ஓர் அம்மாள், "இன்னும் எத்தனை பேரு வேணும் தம்பி?" என்று கேட்டபடி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஏறினார். அவரைப் பார்த்து ஏழு பேர் ஏறினார்கள். ஓடிற்று. அதன்பின் ஒவ்வொரு ராட்டினத்துக்கும் இந்தச் சடங்கு நடந்தது. பிற்பகலுக்குள் அந்தப் பூங்காவிலிருந்த அனைவரும் ஒரே கும்பலாகிவிட்டோம். மாணவர்கள் எங்களைத் தேடிவந்தார்கள், நாங்கள் அம்மாள்களைத் தேடிப் போனோம். சீசனில் இது நடக்காது. அப்போது கூட்டம் இருக்கும். பக்கத்திலிருப்பவரின் தேவை இருக்காது.

(பத்துப் பேர் சேர்ந்தால்தான் தொடங்குவதென்று இலக்கியக் கூட்டங்களில் விதி வைத்தால் என்னவாகும் என்று ஒரு நண்பர் கேட்டார். தேநீர் மிஞ்சும் என்றார் இன்னொருவர்.)

இனி எங்கள் கோபத்தின் மறுபாதி. அது பூங்காக்காரர்களுக்கும் அரசுக்கும் உரியது. வாயிலில் நாங்கள் கொடுத்தது முழுச்சீட்டுப் பணம். உள்ளே போனபின்தான் பெரிய ராட்டினங்களில் பாதி பழுதுபார்ப்புக்காக நிறுத்தப்பட்டிருப்பது தெரிந்தது. பழுதுபார்ப்பதில் எங்களுக்கு முரணில்லை. தாங்குருளைகளை மாற்றுவதும், கண்ணாடியிழைச் சறுக்குகளின் விரிசலைப் பூசுவதும், திருகாணிகளைச் சோதிப்பதும் மழைக்காலத்தில் நடக்காமல் வேறெப்போது நடக்கும்? ஆனால் எவை ஓடாது என்று சீட்டறையின் முன் ஒரு பலகையில் எழுதிவைக்க என்ன செலவாகும்? ஒரு சுண்ணக்கட்டி. மகளிர் குழுவினர் மாதம் ஐம்பதும் நூறுமாகச் சேர்த்த பணத்தில் வந்தவர்கள். பாதிக்கடையை மூடிவைத்து முழு விலை வாங்குவதற்கு எளிய தமிழில் பெயர் இருக்கிறது, அச்சில் எழுதமுடியாது.

மறுநாள் நீர்ப்பூங்காவில் வேறு அநீதி. நைலான் உடை இருந்தால்தான் நீரில் இறங்கலாம். இதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு, அதை மறைக்கவேண்டியதில்லை: பருத்தி இழை வடிகட்டியை அடைக்கும், புடவைத் தலைப்பும் துப்பட்டாவும் சறுக்கின் மூட்டில் சிக்கினால் உயிருக்கே கேடு. சரி, விதி நியாயமானது. அப்படியாயின் உடையைச் சீட்டிலேயே சேர்த்துவிடவேண்டியதுதானே? அதற்குத் தனி வாடகை, தனி வைப்புத்தொகை, பூட்டுப் பெட்டிக்குத் தனிக்காசு. உடையும் இருபது வயதுக்காரியின் உடலை மனத்தில் வைத்து வெட்டப்பட்டது. அன்று அங்கே வந்திருந்த குடும்பங்களில் ஐம்பதைத் தாண்டிய பெண்கள் ஒருவரும் இறங்கவில்லை. அலைக்குளத்தின் விளிம்பில் புடவையைக் கணுக்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, காலை மட்டும் நனைத்தார்கள். காற்றறைகள் சுவருக்குப் பின்னாலிருந்து நீரைத் தள்ள, அலை எழுந்து வந்து அவர்கள் பாதத்தைத் தொட்டுத் திரும்பியது. வையையில் குதித்த பெண்களின் பேத்திகள் இவர்கள். தளர்வான நைலான் அங்கியும் முழுக்கால் சட்டையும் தைத்து வைப்பது உலகத்தில் முடியாத காரியமா?

எங்களுக்கு உயிர்காப்பாளராக நின்றவர் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர். சீசன் முடிந்ததும் பாதிப்பேரை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்றும், எஞ்சுவோர் பாசி தேய்ப்பதிலிருந்து வண்ணம் பூசுவதுவரை எல்லாம் செய்யவேண்டும் என்றும் சொன்னார். நமக்கு ஆஃப் சீசன் என்பது தொழிலாளிக்கு ஆபத்தான சீசன். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப்பின் மூடிக் கிடந்த கிஷ்கிந்தாவில், 2016 மே மாதம், பார்வையாளர் எவருமில்லாத சோதனை ஓட்டத்தின்போது ராட்டினம் ஒன்று முறிந்து விழுந்து ஊழியர் ஒருவர் இறந்தார், பலர் காயமுற்றனர். நாம் ஏறுவதற்கு முன் ஏறிப் பார்ப்பவர்கள் அவர்கள். சோதனை ஓட்டத்துக்கு மணல்மூட்டை போதும். மனிதர்கள் ஏன் ஏறவேண்டும்? பூங்காக்களை ஏளனம் செய்யும் நண்பர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் அவர்களோடு நாங்களும் நின்றிருப்போம்.

அரசின் பார்வையோ இன்னும் விசித்திரம். 2017 ஜூலையில் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது கேளிக்கைப் பூங்காச் சீட்டுக்கு விதிக்கப்பட்ட வரி 28 விழுக்காடு. சூதாட்ட விடுதிக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் அதே 28. குழந்தை சறுக்கில் வழுக்குவதும் பெரியவர் குதிரைமேல் பணம் கட்டுவதும் ஒரே தட்டில் நிறுக்கப்பட்டன. 2018 ஜனவரியில் அது 18 ஆயிற்று. விளையாட்டு ஆடம்பரம் என்ற எண்ணம் மட்டும் அப்படியே இருக்கிறது. தில்லியில் 1982 ஆசிய விளையாட்டின் யானைக்குட்டி அப்புவின் பெயரால் 1984இல் திறக்கப்பட்ட 'அப்பு கர்', 2008இல் மூடப்பட்டது. நகரின் நடுவே, பேருந்தில் போய் இறங்கக்கூடிய தொலைவில் இருந்த இடம். இப்போது வரும் பூங்காக்கள் எல்லாம் நகரத்துக்கு வெளியே, கார் வைத்திருப்போரின் தொலைவில் வருகின்றன.

பொதுக்குளம் எத்தனை கட்டியிருக்கிறோம்? மெரினாவில் மாநகராட்சி நீச்சல்குளம் இருக்கிறது, நல்லது. அந்தக் கடற்கரையிலேயே குளிக்கக்கூடாதென்று எச்சரிக்கைப் பலகையும் இருக்கிறது. அதுவும் தேவைதான், கடல் ஆளை இழுக்கிறது. அப்படியானால் மூவாயிரம் ரூபாய் செலவழிக்க முடியாத நால்வர் குடும்பம், வியர்த்து வழியும் மே மாதத்தில் எங்கே போய் நனையும்? கல்குவாரிப் பள்ளத்துக்குத்தான் பிள்ளைகள் போகிறார்கள். கோடை விடுமுறையில் நாளிதழ்களின் உள்பக்கங்களைப் பாருங்கள். ஒவ்வொரு நகராட்சியிலும் ஆழமில்லாத ஒரு குளம், ஒரு வடிகட்டி, விசிலோடு ஓர் ஆண், ஒரு பெண், புடவைக்காரிகளுக்கென்று தளர்வான உடை: இதை ஏன் எந்தத் தேர்தல் அறிக்கையும் சொல்வதில்லை? கேட்பதற்கு நமக்கே வெட்கமாக இருப்பதால்தான் என்று நாங்கள் சந்தேகிக்கிறோம். குடிநீர் கேட்கலாம், விளையாட நீர் கேட்டால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பும், இலக்கியக் கூட்டத்துப் புன்னகையும் ஒரே முகத்தில் தோன்றுபவை.

திரும்பும்போது முதல் பூங்காவின் மேலாளரைத் தொலைபேசியில் பிடித்து, நிறுத்திவைத்த ராட்டினங்களின் பட்டியலை வாயிலில் எழுதிவைக்கவேண்டும் என்று கேட்டோம். மிகுந்த மரியாதையுடன் பேசினார். "சீசன்ல வாங்க சார், எல்லாம் ஓடும்" என்றார். அந்த அம்மாளுக்கு அடுத்த முறை வருவதற்கு எத்தனை மாதம் சேர்க்கவேண்டும் என்று கேட்டோம். எந்த அம்மாள் என்றார். விளக்கினோம். குறித்துக்கொள்வதாகச் சொன்னார். பதினைந்து நாள் கழித்து எங்களில் ஒருவர் அந்தப் பக்கம் போனபோது சீட்டறையின் முன் புதிய பலகை ஒன்று இருந்ததாம். வெளியிலிருந்து உணவு கொண்டுவரக்கூடாது என்று எழுதியிருந்தது.